வீட்டுத் தோட்டம்: நத்தைத் தொல்லை நீங்க

ஆனியில் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை என ஆண்டில் இருமுறை மழை பெறும் பேறு பாறசாலை, நெய்யாற்றின்கரைச் சிற்றூர்களுக்கு உண்டு. வாழையும் மரச்சீனியும் செழிப்பது அதனாலேயே. ஆனால் அந்த ஈரம் நத்தைக்கும் உகந்தது. மாலையில் தளதளவென்று நின்ற கீரைப் பாத்தி, விடியலில் வெறுந்தண்டாய் நிற்பதைக் கண்டு வருந்தாத இல்லத்தரசியர் இங்குச் சிலரே.

ஓடில்லா நத்தை ஒருவகை. நீண்டு கூம்பிய ஓட்டைச் சுமப்பது ஆப்பிரிக்கப் பெருநத்தை. மலையாளிகள் ஒச்சு என்பர். 1847-இல் பென்சன் என்பவர் இதனை மொரீசியசிலிருந்து கல்கத்தாவுக்குக் கொணர்ந்தார். இன்று திருவனந்தபுரம் உட்படக் கேரள மாவட்டங்கள் பலவற்றில் இது பரவியுள்ளது. ஆண்மையும் பெண்மையும் ஓருடலில் அமைந்த இப்பிராணி ஒரு தடவையில் நூற்றுக்கு மேலும் முட்டையிடும். கோடையில் ஓட்டின் வாயை அடைத்து உறங்கி, மழை கண்டதும் எழும். ஆதலால் ஒரு நாள் வேட்டையில் தொல்லை தீராது.

நஞ்சுக் குருணை தூவுவதில் தீங்குண்டு. நாயும் கோழியும் அதனைத் தின்று மடியக்கூடும். புகையிலைக் கஷாயமும் நஞ்சே. செடியிலிருந்து பெறப்பட்டது என்பதற்காக, சமையலுக்குப் பறிக்கும் கீரையில் அதனைத் தெளித்தல் தகாது.

எளிய வழி இது. அந்திப் பொழுதில் பழைய சாக்கை நனைத்துப் பாத்தியருகே விரித்து, அதனடியில் பப்பாளி இலையோ முட்டைக்கோசு இலையோ வையுங்கள். இரவில் நத்தைகள் அங்கே கூடும். வெயில் ஏறுமுன் கையுறை அணிந்து பொறுக்கி, செறிந்த உப்புநீரில் இடுங்கள். இறந்தபின் பாத்திக்கு அப்பால் ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். உப்பைப் பாத்தியில் தூவாதீர்கள், மண் கெடும். மண்ணைக் கிளறும்போது வெண்மணி போன்ற முட்டைகள் தென்பட்டால் அவற்றையும் அழியுங்கள். மட்டை, ஓலை, கல் முதலியவற்றைச் செடியருகே குவிக்காமல், தண்ணீரைக் காலையில் பாய்ச்சுங்கள். சாம்பல் வளையம் உலர்ந்திருக்கும் வரையே காக்கும். மழை பெய்தால் பயனில்லை. தோப்பில் உலவும் செம்போத்து நத்தையைத் தின்னும் பறவை, அதனை விரட்டாதீர்கள்.

வெளியிலிருந்து எதிரியைக் கொண்டுவரும் எண்ணமும் ஆபத்தானது. பெருநத்தையை ஒழிக்க 1955-இல் ஹவாய்த் தீவுகளில் ஒரு வேட்டை நத்தையை விட்டனர். அது அத்தீவுகளுக்கே உரிய நத்தை இனங்கள் பலவற்றை அழித்துவிட்டது.

கையுறையை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. எலியின் நுரையீரலில் வாழும் ஒருவகைப் புழுவின் குஞ்சுகள் நத்தையின் உடலிலும் தங்கும். அவை கழுவாத கீரை வழியாகவோ அழுக்கான கை வழியாகவோ மனிதர் வயிற்றை அடைந்தால், மூளையுறை அழற்சி நேரலாம். குழந்தைகள் நத்தையைத் தொட்டு விளையாட விடாதீர்கள். கீரையை நன்கு அலசி, வேகவைத்தே உண்ணுங்கள்.

நத்தைக்கு வேலியும் இல்லை, மொழியும் இல்லை. நம் வீட்டில் பொறுக்கி, அண்டை வீட்டில் விட்டால் மறுவாரம் அது திரும்பி வரும். மழைக்கால மாலைகளில் அண்டை வீட்டாரான மலையாள அன்பர்களையும் அழைத்து, ஒரே நாளில் எல்லாத் தோட்டங்களிலும் சாக்கு விரியுங்கள். கீரையும் பிழைக்கும், உறவும் வளரும்.