பற்பசை போதாது

காரின் முகப்பு விளக்கு மஞ்சளாகிவிட்டதா? “கொஞ்சம் பற்பசை போட்டுத் தேய், புதுசு மாதிரி ஆகிடும்” என்று சொல்லாதவர் இல்லை. நானும் நம்பித் தேய்த்தேன். அன்று மாலை பளபளத்தது உண்மை. இரண்டு மாத வெயிலில் முன்பைவிட மங்கிப்போனதும் உண்மை.

மஞ்சளை அழுக்கு என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. விளக்கின் மூடியை வாய்ப்பழக்கத்தில் கண்ணாடி என்கிறோம்; அம்பாசிடர் காலத்து வட்ட விளக்கில் இருந்ததுதான் கண்ணாடி. இன்றைய விளக்கின் மூடி பாலிகார்பனேட் பிளாஸ்டிக். எடை குறைவு, எளிதில் உடையாது, எந்த வடிவிலும் வார்க்கலாம். ஆனால் சுலபமாகக் கீறல் விழும். புற ஊதாக் கதிரைத் தாங்காது. அதனால்தான் தொழிற்சாலையிலேயே அதன்மேல் ஒரு காப்புப் பூச்சு பூசுகிறார்கள். வருடக்கணக்கில் வெயில் பட்டு அந்தப் பூச்சு சிதைய, அடியிலுள்ள பிளாஸ்டிக்கும் கெடத் தொடங்குகிறது. மஞ்சள் அதன் அடையாளம்.

பற்பசையில் இருப்பது பல்லைத் தேய்க்கும் நுண்துகள். அது மேல்மங்கலைச் சுரண்டி எடுக்கும், மிச்சமிருந்த பூச்சையும் சேர்த்து. புதிய காப்பு எதையும் தராது. வெற்று பிளாஸ்டிக் நம் ஊர் வெயிலில் எத்தனை நாள் நிற்கும்?

கொசு கடிக்காமலிருக்க உடம்பில் பூசும் மருந்தைத் தேய்க்கச் சொல்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அவற்றில் பலவற்றில் உள்ள டீட் என்ற ரசாயனம் பிளாஸ்டிக்கையே கரைக்கும். கரைந்து இளகிய மேல்பரப்பு கீறல்களை நிரப்புவதால் சற்று நேரம் தெளிவாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

“வாட் கூடின பல்பு போட்டால் சரியாகிவிடும்” என்பது அடுத்தது. மங்கல் மூடி வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. பல்பின் சக்தியைக் கூட்டினால் சிதறலும் கூடும். எதிரே வருபவருக்குக் கண் கூசும், நமக்குச் சாலை தெரியாது. கூடுதல் சூட்டில் ஹோல்டர் உருகுவது தனி.

“அழகுதானே, அப்புறம் பார்த்துக்கலாம்” என்பவர்களுக்கு: அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ‘டிரிபிள் ஏ’ 2018-இல் சோதித்தபோது, மங்கிப்போன விளக்குகள் புதியவற்றின் வெளிச்சத்தில் 20 சதவீதம்தான் தந்தன. முறையாகச் சீர்செய்தபின் சுமார் 70 சதவீதம் திரும்பியது.

முறை என்றால் என்ன? சுற்றியுள்ள பெயிண்டில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் விட்டபடி வாட்டர் பேப்பரால் தேய்க்க வேண்டும். 800 எண் தாளில் தொடங்கி 1000, 1500, 2000, முடிந்தால் 3000. முதல் தாளில் மஞ்சள் கலந்த குழம்பு வழியும்; தண்ணீர் வெள்ளையாக ஓடும்வரை அடுத்த தாளுக்குப் போகக்கூடாது. துடைத்துக் காயவிட்டால் மூடி முழுக்க வெள்ளைப் புகை படிந்ததுபோல் இருக்கும். பலர் பயந்து நிறுத்துவது இங்கேதான். அதன்மேல் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: ஈரத்தில் பல்பு பளிச்சென்று தெரிந்தால் வேலை சரி. ஈரத்திலும் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் பழைய பூச்சு இன்னும் போகவில்லை. முதல் தாளுக்கே திரும்ப வேண்டும்.

தேய்த்தபின் பாலிஷ் போட்டதோடு முடித்தால் பற்பசைக் கதைதான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் பூச வேண்டும். ஹார்ட்னர் கலக்கும் ‘டூ கே’ கிளியர் நீடித்து உழைக்கும். ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். முகத்தில் வெறும் துணியைக் கட்டிக்கொண்டு அடிக்காதீர்கள். தகுந்த சுவாசக் கவசம் இல்லையென்றால் பெயிண்டிங் பட்டறையில் விடுங்கள்.

உள்பக்கம் மங்கியிருந்தாலோ ரிஃப்ளெக்டர் கருகியிருந்தாலோ வெளியே எவ்வளவு தேய்த்தும் பயனில்லை. விளக்கையே மாற்றத்தான் வேண்டும். பட்டறையில் கொடுத்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “பாலிஷ் மட்டுமா, கிளியர் கோட்டும் உண்டா?” பாலிஷ் மட்டும் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.