புதைந்த நிலையமும் நிற்கும் நிலையமும்

கிரிவலம் வருவோர் அடி அண்ணாமலையார் கோயில் வாயிலில் சற்று நின்று இளைப்பாறுவதைப் பார்த்திருப்பீர்கள். வெளியே மெல்ல வரும் காற்று, குறுகிய வாயிலில் நுழையும்போது வேகம் கூடிச் சிலுசிலுக்கிறது. இந்த எளிய உண்மையை மறந்தால் ஒரு கட்டடமே புதைந்து போகலாம் என்றால் நம்புவீர்களா?

1983-84இல் அண்டார்க்டிகா சென்ற மூன்றாவது இந்தியக் குழு, தட்சிண கங்கோத்ரி நிலையத்தை அமைத்தது. அமைத்த இடம் பாறை அன்று. கடல்மீது மிதக்கும் பனித்தட்டு. துருவக் காற்று பனித்துகளை வாரிக்கொண்டு வருவது. சுவர் குறுக்கிட்டால் அதன் வேகம் குறையும். குறைந்ததும் சுமையைக் கீழே போட்டுவிடும். நம் கடற்கரையில் ஓலை வேலியோரம் மணல் மேடிடுவதும் இப்படித்தான். ஆனால் அங்கே விழுந்த பனி உருகுவதில்லை. ஆண்டுக்காண்டு குவிந்து நிலையத்தையே மூடிற்று. 1990இல் அதைக் கைவிட நேர்ந்தது.

1989இல் எழுந்த மைத்ரி பாறைமீது, உருக்குக் கால்களில் உயர்ந்து நிற்கிறது. அடியிலுள்ள இடைவெளியில் காற்று விரைந்து பாய்ந்து பனியைத் தானே பெருக்கிவிடும். கோயில் வாயிலில் வீசிய அதே காற்றுதான்! 2012இல் திறந்த பாரதி நிலையமும் கால்கள்மீதே நிற்கிறது. மின்விசிறி முன் இரண்டு தீப்பெட்டிகளை, ஒன்றைத் தரையிலும் மற்றதைக் குண்டூசிக் கால்களிலும் நிறுத்தி, மரத்தூள் தூவிப் பாருங்கள்.

பொது அறிவு நூல்கள் பலவற்றில் தட்சிண கங்கோத்ரிக்கு ஒரே வரிதான்: இந்தியாவின் முதல் அண்டார்க்டிக் நிலையம். புதைந்த கதையைச் சொல்வதில் என்ன இழிவு? அந்தக் கதையில்தான் பொறியியல் இருக்கிறது. மாணவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது ஆண்டை மட்டுமா?

"நடுப்பகலில் கிரிவலப் பாதையில் கால் சுடுகிறது; நமக்குப் பனி எதற்கு, ஐயா?" என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. ரோதாங் கணவாய் பனியால் மூடினால் லாகூல் மக்கள் மாதக்கணக்கில் துண்டிக்கப்பட்டுக் கிடந்தனர். 2020இல் திறந்த 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை அதை மாற்றியது. இத்தகைய பணிகளுக்கு நாளை இவ்வூர்ப் பிள்ளைகளும் போகலாம். அது மட்டுமன்று. 2024 டிசம்பர் 1 அன்று பெருமழையில் நம் மலைச்சரிவில் மண்ணும் பாறையும் வீட்டின்மேல் சரிந்து ஏழு உயிர்கள் போயின. பனியோ மழையோ, கட்டும் முன்னே நிலத்தையும் நீரையும் காற்றையும் படிக்கும் பழக்கம் ஒன்றேதான். அதைப் பள்ளியிலேயே தொடங்கலாம் என்பது என் கருத்து.