கருணையனும் யஹ்யாவும்



“எல்லாச் சமயங்களும் ஒன்றுதான்” என்று மேடையில் ஒருவர் முழங்கினால் நாம் உடனே கைதட்டுகிறோம். நானும் பலமுறை தட்டியவன்தான். இப்போது தட்டுவதில்லை. சமய ஒற்றுமையில் எனக்கு வெறுப்பு வந்துவிட்டது என்று எண்ணிவிட வேண்டா. அந்த வாக்கியம் ஒற்றுமைக்கு உதவுவதில்லை என்பதை அனுபவத்தால் அறிந்தேன். அதையே இங்குச் சொல்லத் துணிகிறேன்.

விடுதியில் என் அறைத் தோழன் ஓர் இஸ்லாமியன். இராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரை ஊரினன். சென்ற ஆண்டு அவனுடைய தாயார் காலமானார். ஊருக்குச் சென்று திரும்பியவன் நாற்காலியில் அமர்ந்து சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. “கவலைப்படாதே, எல்லாச் சாமியும் ஒன்றுதான். அம்மா நல்ல இடத்தில்தான் இருப்பார்கள்” என்றேன். அவன் தலையை அசைத்தான். சில நாள் சென்றபின், கோபம் சிறிதுமின்றி, “ஆறுதல் சொன்னாய், நன்றியப்பா. ஆனால் இறந்தவர்களைப் பற்றி எங்கள் நம்பிக்கை என்னவென்று நீ ஒரு வார்த்தை கேட்கவில்லையே?” என்றான்.

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. இரண்டாண்டுகள் ஒரே அறையில் வாழ்ந்திருக்கிறோம். ஒரே தட்டில் உண்டிருக்கிறோம். அவனுடைய நம்பிக்கையைப் பற்றி நான் கேட்டறிந்தது எதுவுமில்லை. எல்லாம் ஒன்றுதான் என்று முடிவு கட்டியவனுக்குக் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

அவனுக்குப் படித்துக்காட்ட ஏதேனும் கிடைக்குமா என்று தேடினேன். தமிழ்நாட்டுப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் தேம்பாவணியைப் படித்தவர்கள் நம்முள் பலர் உண்டு. தாய் எலிசபெத்தை இழந்த கருணையன் காட்டில் தனித்து நின்று புலம்பும் பகுதி அது. இத்தாலியில் பிறந்து தமிழ்க் கவிஞராகிய வீரமாமுனிவர், 1726-இல் 3615 பாடல்களில் இயற்றிய காப்பியம் தேம்பாவணி. அந்தப் பாடல்களைத் தோழனுக்குப் படித்தேன். மெல்லக் கேட்டிருந்தவன், “இந்தக் கருணையன் யார்?” என்றான்.

“இயேசுவுக்கு ஞானமுழுக்குத் தந்த யோவான். கத்தோலிக்கர் அருளப்பர் என்றும் சொல்வார்கள்.”

“தந்தை பெயர் சக்கரியாவா? முதிர்ந்த வயதில் பிறந்த பிள்ளையா?”

“ஆம்.”

“அப்படியானால் அவர் எங்கள் யஹ்யா நபி!”

தோழர்களே, ஒரு மனிதருக்குத் தமிழில் நான்கு பெயர்! ‘யோவான்’ என்னும் எபிரேயப் பெயருக்கு ‘கடவுள் கருணையுள்ளவர்’ என்பது பொருள். அப்பொருளைத் தமிழாக்கியே கருணையன் என்றார் வீரமாமுனிவர். அருளப்பர் என்பதும் அவ்வழி வந்ததே. அரபு மொழி வழியே யஹ்யா வந்தார். நால்வரும் ஒருவரே என்பதை அறியாமல் நாம் தேர்வெழுதித் தேறியும் விட்டோம்.

பெயர் மட்டுமா? அவரைக் குறிக்கும் பட்டத்தைப் பாருங்கள். சீர்திருத்தக் கிறித்தவர் ‘தீர்க்கதரிசி’ என்பர். கத்தோலிக்கர் இன்று ‘இறைவாக்கினர்’ என்பர். இஸ்லாமியர் ‘நபி’ என்பர். எபிரேய மொழியில் அதே சொல் ‘நாவி’. நபியும் நாவியும் ஒரு வேரில் முளைத்த சொற்கள். இது மைசூரில் வாழும் நமக்குப் புரியாததன்று. நம் ‘பால்’ இங்கே ‘ஹாலு’ ஆகிறது. நம் ‘பூ’ இங்கே ‘ஹூவு’ ஆகிறது. உறவு அத்தகையது.

அன்றிரவு நாங்கள் இருவரும் மகிழ்ச்சியில் மூழ்கினோம். “பார்த்தாயா, எல்லாம் ஒன்றுதான்!” என்று சொல்ல என் நாக்கு துடித்தது. சொல்லாமல் அடக்கிக்கொண்டேன். இருவரும் அமர்ந்து அவரவர் நூலில் உள்ளதை ஒப்பிட்டுப் பார்த்தோம். அப்போதுதான் உண்மையான கல்வி தொடங்கிற்று.

லூக்கா எழுதிய நற்செய்தியில், மகன் பிறப்பான் என்ற வானதூதர் சொல்லைச் சக்கரியா நம்பவில்லை. ஆகையால் பிள்ளைக்குப் பெயரிடும் நாள்வரை ஊமையாகிறார். திருக்குர்ஆனிலும் அவர் பேசாதிருக்கிறார். ஆனால் அங்கே அது அவர் இறைவனிடம் வேண்டிப் பெற்ற அடையாளம். மூன்று இரவுகளுக்கே உரியது. ஒரே மௌனம், ஓரிடத்தில் ஐயத்திற்குக் கிடைத்த விடை, மற்றோரிடத்தில் வேண்டுதலுக்குக் கிடைத்த விடை. நற்செய்தி நூல்கள் ஏரோது மன்னன் அவர் தலையைக் கொய்வித்ததைக் கூறுகின்றன. குர்ஆன் அவர் மரணத்தை விரித்துரைக்கவில்லை. நாங்கள் படித்த தாயின் மறைவோ, விவிலியத்திலும் இல்லை, குர்ஆனிலும் இல்லை. அது தேம்பாவணியில் உள்ளது.

மூன்றாம் சமயத்தார் என்ன சொல்கின்றனர்? யூத மரபில் யோவான் தீர்க்கதரிசி அல்லர். முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், அவரை மக்களுக்கு நல்லொழுக்கம் போதித்த நல்லவர் என்று குறிக்கிறார், அவ்வளவே. ஆண்களில் நாற்பத்தெண்மரும் பெண்களில் எழுவரும் தீர்க்கதரிசிகள் என்பது தல்மூதின் கணக்கு. ஆகாய், சகரியா, மல்கியா ஆகியோரோடு அந்த வரிசை முடிந்தது என்பது அவர்கள் மரபு. ஈண்டுச் சொன்ன சகரியா யோவானின் தந்தையல்லர், பழைய தீர்க்கதரிசி. கிறித்தவருக்கு யோவான் வழி ஆயத்தம் செய்தவர். அவர் சுட்டிக்காட்டிய இயேசு இறைமகன். இஸ்லாமியருக்கு யஹ்யாவும் நபி, ஈசாவும் நபி. இறைவனுக்கு மகன் இல்லை. இந்த வேறுபாடுகள் ஓரத்தில் கிடக்கும் சிறு துரும்புகள் அல்ல. அவரவர் நம்பிக்கையின் நடுத்தூண்கள்.

நான் விஞ்ஞான மாணவன். என் ஆய்வுக்கூடத்திலிருந்தே ஓர் உவமை தருகிறேன். இரண்டு குப்பிகளில் இரண்டு நீலக் கரைசல்கள். ஒன்று செப்புச் சல்பேட்டு. மற்றொன்று செப்பு நைட்ரேட்டு. இரண்டிலும் செம்பு உண்டு. நீலம் அதனால் வந்தது. பேரியம் குளோரைடுக் கரைசலில் சில துளி விடுங்கள். ஒன்றில் வெண்மையான வீழ்படிவு இறங்கும். மற்றதில் இறங்காது. நிறத்தைக் கண்டவுடன் ‘இரண்டும் ஒன்றே’ என்று எழுதினால் ஆசிரியர் ஏட்டைத் திருப்பி எறிவார். ‘இரண்டுக்கும் தொடர்பே இல்லை’ என்று எழுதினாலும் எறிவார். செம்பு பொது என்பதையும் உப்பு வேறு என்பதையும் சேர்த்து எழுதுபவனே மதிப்பெண் பெறுவான்.

இன்னும் ஒரு சான்று. வண்ணக் களஞ்சியப் புலவர் 1807-இல் ‘இராச நாயகம்’ என்றொரு காப்பியம் பாடினார். தலைவர் சுலைமான் நபி. விவிலியம் சாலமோன் என்று போற்றும் அதே அரசர். அவருடைய அறிவு இரு நூல்களிலும் பெரிது. ஆனால் விவிலியத்தின் அரசர் முதல் நூல், முதுமையில் அவர் மனைவியர் பொருட்டுப் பிற தெய்வங்களின்பால் மனம் சாய்ந்ததைக் கூறுகிறது. சுலைமான் இறைவனை மறுத்தவரல்லர் என்று குர்ஆன் உறுதியாக உரைக்கிறது. நபிமார் பெரும்பாவத்தினின்று காக்கப்பட்டவர் என்பது இஸ்லாமிய நம்பிக்கை. பெரியோரும் வழுக்கி விழுவர், விழுந்தவரையும் இறைவன் கண்டிப்பான் என்பது விவிலியம் காட்டும் பாடம். இரண்டையும் அறிந்தவனுக்கு அந்த அரசர் முன்னிலும் பெரியவராகத் தோன்றுகிறார். என் தோழனும் முன்னிலும் தெளிவாகத் தெரிகிறான்.

இப்படிக் கேட்டறிவது நமக்குப் புதிய வழக்கமும் அன்று. முழுமையாகக் கிடைத்துள்ள தமிழ் இஸ்லாமிய நூல்களுள் பழமையானது என அறிஞர் போற்றும் நூல் எது தெரியுமா? வண்ணப் பரிமளப் புலவர் 1572-இல் இயற்றிய ‘ஆயிர மசலா’. மசலா என்றால் வினா. அப்துல்லா இபுனு சலாம் என்னும் யூத அறிஞர் நபிகள் நாயகத்திடம் வினாத் தொடுக்கிறார். நாயகம் விடை கூறுகிறார். முடிவில் வினவியவர் இஸ்லாத்தைத் தழுவுகிறார். இது இஸ்லாமியர் தம் நம்பிக்கையினின்று பாடிய நூல். ஒரு யூதர் பாடியிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும். ஆயினும் அதன் வடிவத்தைப் பாருங்கள்: வினா, விடை, மீண்டும் வினா, விடை. ஒருவர் கேட்கிறார், மற்றவர் பொறுமையாகச் சொல்கிறார். அதற்கு நான்காண்டு முன்னர்த்தான், 1568-இல், கொச்சியில் பரதேசி யூதர்களின் செபக்கூடம் எழுந்தது. இந்தச் சமயங்கள் நமக்குத் தொலைதூரத்துச் செய்திகள் அல்ல.

வெளியுலகிலும் ஒரு காட்சி உண்டு. சிரியா நாட்டுத் தமாஸ்கசு நகரின் உமையாப் பெரும் பள்ளிவாசலுக்குள், யோவானின் தலை அடங்கியது என்று மரபு கூறும் நினைவிடம் இருக்கிறது. அப்பள்ளிவாசல் எழுமுன் அங்கே அவர் பெயரால் ஒரு தேவாலயம் இருந்தது. 2001 மே மாதத்தில் போப்பாண்டவர் இரண்டாம் யோவான் பவுல் அங்குச் சென்றார். பள்ளிவாசலுக்குள் அடியெடுத்து வைத்த முதற் போப்பாண்டவர் அவரே. அந்த நினைவிடத்தின் முன் அவர் நின்றார். அதனால் அவர் இஸ்லாமியராகிவிடவில்லை. அவரை வரவேற்றவர்கள் கிறித்தவராகிவிடவுமில்லை. இருவரும் மதிக்கும் ஒருவர் இருந்தார். அவர் முன் இருவரும் நின்றார்கள். அது போதாதா?

“வேறுபாட்டைப் பேசினால் சண்டை வராதா?” என்று சில நண்பர்கள் அஞ்சுகிறார்கள். அச்சம் நியாயமானதே, நாட்டு நடப்பு அப்படி. ஆனால் சண்டை மூட்டுகிறவன் வேறுபாட்டை அறிந்தவன் அல்லன். பிறர் நூலில் ஒரு பக்கமும் படியாதவன். அவன் பொய் சொல்லும்போது, ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று மட்டுமே அறிந்த நாம் எதைக் கொண்டு மறுப்போம்? யஹ்யாவை அறிந்தவன் மறுப்பான். அறியாதவன் விழிப்பான்.

நம் நிலையையே எண்ணிப் பாருங்கள். ‘தென்னாட்டு மொழிகள் எல்லாம் ஒன்றுதானே’ என்று ஒரு வடநாட்டு நண்பர் அன்போடுதான் சொல்கிறார். உடனே நமக்கும் நம் கன்னடத் தோழருக்கும் ஒருசேர முகம் சுளிக்கிறது. தமிழும் கன்னடமும் ஒரு குடும்பம் என்பதில் நமக்குப் பெருமையே. ஆயினும் பம்பனும் கம்பனும் ஒருவர் அல்லர். பிழைப்புக்கும் படிப்புக்கும் ஊர் விட்டு வந்த நமக்குத் தெரியும், தன் பெயர் கேட்கப்படாமல் பொதுப்பெயரில் அழைக்கப்படும் வருத்தம். அதே வருத்தத்தை நாம் பிறருக்குத் தரலாமா?

புனித பிலோமினா தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்களை நாள்தோறும் காண்கிறோம். 1933-இல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் நான்காம் கிருஷ்ணராச உடையார், ஓர் இந்து மன்னர். கல் நாட்ட மன்னரால் முடிந்தது. படிக்க நம்மால் முடியும்.

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டில் மூன்று மாலைகளை ஒதுக்குங்கள். ஒன்றில் தேம்பாவணி, ஒன்றில் இராச நாயகம், ஒன்றில் ஆயிர மசலா. இவை ‘அவர்கள்’ நூல்கள் என்று ஒதுக்காதீர்கள், தமிழ் நூல்கள். அந்தச் சமயத்தைச் சாராத ஒருவர் படிக்கட்டும். அந்தச் சமயத்தவர் விளக்கட்டும். அனைவரும் கேள்வி கேட்கட்டும். ‘எல்லாம் ஒன்றே’ என்று முடிப்பவருக்கு மட்டும் அன்று மாலை தேநீர் இல்லை என்று விதி செய்யுங்கள்!

என் தோழனிடம் பின்னர் ஒருநாள் கேட்டேன்: “இறந்தவர்களைப் பற்றி உங்கள் நம்பிக்கை என்ன?” அவன் சொன்னான். நெடுநேரம் சொன்னான். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. அது அவனுக்கும் தெரியும். ஆனால் அன்றுதான் முதன்முறையாக அவன் தன் தாயாரைப் பற்றி என்னிடம் பேசினான்.