ரிங்லெட் ஏரியும் காட்டுக் கணக்கும்



தாப்பாவிலிருந்து மலையேறி வரும் பஸ் ரிங்லெட் பட்டணத்தைத் தாண்டியதும் சாலையோரத்தில் ஓர் ஏரி தென்படும். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் இறங்கிப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கோ அது தினமும் பார்த்துப் பழகிய ஏரி. மழை பெய்த மறுநாள் அது பால் கலந்த தேத்தண்ணீர் நிறத்தில் கிடப்பதும் பழகிய காட்சிதான்.

"மழை பெய்தால் தண்ணீர் கலங்காமல் என்ன செய்யும்?" என்று நீங்கள் கேட்கலாம். கலங்கும். எவ்வளவு கலங்குகிறது, யாருடைய மண் அதில் வந்து சேருகிறது என்பதுதான் கேள்வி. அதை உட்கார்ந்து அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இந்த மாதம் அவர்களைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

அந்த ஏரி இயற்கையாக உண்டானதல்ல. மின்சாரத்துக்காக பெர்தாம் ஆற்றை மறித்து 1963ஆம் ஆண்டில் கட்டி முடித்த சுல்தான் அபு பக்கார் அணையின் பின்னால் தேங்கிய நீர் அது. வடக்கே ஓடும் தெலோம் ஆற்றுத் தண்ணீரையும் மலையைக் குடைந்து சுரங்க வழியாக இந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். ஏரியிலிருந்து இன்னொரு சுரங்கம் வழியாக அத்தண்ணீர் பேராக் பக்கம் இறங்கி, ஜோர் மின்நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றுகிறது.

அணை கட்டுவதற்கு முன்பே, 1956ஆம் ஆண்டில், மத்திய மின்சார வாரியத்துக்காக ஷேலோ என்பவர் கேமரன் மலை ஆறுகளைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். எந்த ஆற்றில் எவ்வளவு நீர் ஓடுகிறது, அதோடு எவ்வளவு மண் போகிறது என்று அளந்து எழுதிய அறிக்கை அது. அன்று தெலோம் ஆற்றின் கரைகள் ஏறக்குறைய முழுவதும் காடு. பெர்தாம் ஆற்றின் பக்கத்தில் பட்டணமும் தேயிலையும் காய்கறித் தோட்டமும் வந்துவிட்டன. அளந்து பார்த்தபோது, ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்திலிருந்து பெர்தாம் இழுத்துச் சென்ற மண், தெலோம் இழுத்ததைப்போல் சுமார் ஐந்து மடங்கு இருந்தது! மலையும் ஒன்று, மழையும் ஒன்று. மேலே போர்த்தியிருந்த போர்வைதான் வேறு.

காட்டில் மழைத்துளி நேராக மண்ணில் விழுவதில்லை. உயர்ந்த மரத்தின் இலையில் விழுந்து, கீழ்மரத்தில் சொட்டி, சருகின்மேல் இறங்கி, வேர் விட்ட துளைகள் வழியே மண்ணுக்குள் போய்விடுகிறது. நன்றாக மூடி வளர்ந்த தேயிலையும் ஓரளவுக்கு இந்த வேலையைச் செய்கிறது. நம் பெரியவர்களுக்கு இது தெரியும். ஆபத்தெல்லாம் புதிதாக வெட்டித் திறந்த நிலத்தில்தான் இருக்கிறது. புல்டோசர் வைத்துச் சரித்த மேடு, வடிகால் இல்லாத மண்பாதை, பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறிக் கொட்டகை ஆகியவற்றில் மழை விழுந்தால் உள்ளே போக வழியேது? ஓடத்தான் வேண்டும். ஓடும்போது மண்ணையும் கையோடு கூட்டிக்கொண்டு போகும்.

பிற்காலத்தில் கோலா தெர்லா, கம்போங் ராஜா பக்கமெல்லாம் காய்கறித் தோட்டங்கள் பெருகி, அந்தத் தெலோமும் கலங்கிப்போனது. 80 ஆண்டு தாங்கும் என்று கணக்குப் போட்டுக் கட்டிய ஏரியில், சுமார் 50 ஆண்டுக்குள்ளேயே ஏறக்குறையப் பாதி இடத்தை மண் பிடித்துக்கொண்டது. மின்சார வாரியம் தூர் வாரிக்கொண்டே இருக்கிறது. மேலிருந்து மண் வந்துகொண்டே இருக்கிறது. இப்படி வாரிக் கொட்டுவதில் போகும் பணத்தில் எத்தனை மேடுகளைக் கட்டிக் காத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

மண் இடம்பிடித்த ஏரியில் பெருமழை நீர் தங்க இடமேது? 2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் தேதி விடியுமுன் அணை நீரைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. பெர்தாம் பள்ளத்தாக்கில் ஆற்றோரம் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேற்று வெள்ளம் பாய்ந்தது. உயிர்கள் போயின, வீடுகளும் வாகனங்களும் சேற்றில் புதைந்தன. மறுவருடம் நவம்பரில் ரிங்லெட் பக்கம் மீண்டும் மண்சரிவும் சேற்று வெள்ளமும் வந்து உயிர்களைக் கொண்டுபோயின. மேலே யாரோ வெட்டிய மேட்டுக்குக் கீழே இருந்த ஏழைகள் கொடுத்த விலை அது.

சரி, காடு எவ்வளவு இருக்கிறது, எப்படி இருக்கிறது என்பதை யார் பார்க்கிறார்கள்?

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது என்ன நடக்கிறது? கூடையைத் தராசில் வைத்து, கிராணி எடையைச் செக்ரோலில் பதிகிறார். இன்றைய எடையை மட்டும் வைத்துக்கொண்டு மலையின் நிலையைச் சொல்ல முடியாது. பல வருடத்துச் செக்ரோலைப் புரட்டினால்தான் எந்த மலை தேறுகிறது, எது தளர்கிறது என்று தெரியும். காட்டு ஆராய்ச்சியும் இப்படித்தான். நெகிரி செம்பிலானில், ஜெலெபு மாவட்டத்தில், பாசோ காடு என்று ஒன்று உண்டு. மூன்று பக்கமும் செம்பனை சூழ்ந்த காடு. அதற்குள் 50 ஹெக்டர் நிலத்தைக் கயிறு பிடித்துக் கட்டம் கட்டமாகப் பிரித்து, 1980களின் நடுவில் ஆராய்ச்சியாளர்கள் ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கினார்கள். சுண்டுவிரல் பருமன் உள்ள கன்று முதல் வானளாவிய மரம் வரை ஒன்றுவிடாமல் அளந்து, எண் எழுதிய தகடு மாட்டிப் பெயர் பதிந்தார்கள். எத்தனை மரம் என்று நினைக்கிறீர்கள்? சுமார் 3 இலட்சத்து 35 ஆயிரம்! இனங்கள் மட்டும் 800க்கு மேல்!

அதோடு விட்டுவிடவில்லை. சுமார் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை திரும்பி வந்து, அதே மரத்தை அதே இடத்தில் அளக்கிறார்கள். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்ற வேண்டும். அடிமரம் பலகைபோல் விரிந்திருந்தால் அதற்கும் மேலே ஏணி வைத்து ஏற வேண்டும். அட்டை கடிக்கும், மழை பிடித்துக்கொள்ளும். எந்த மரம் பருத்தது, எது செத்தது, எந்தக் கன்று புதிதாக வந்தது என்பதெல்லாம் ஏட்டில் ஏறுகிறது.

நம் தாத்தா பாட்டி கப்பலேறி வந்த தமிழ்நாட்டிலும் இப்படி ஒன்று நடக்கிறது. நீலகிரி அடிவாரத்து முதுமலையில், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் சுகுமார் குழுவினர் 1988இல் அதே 50 ஹெக்டர் அளவில் தொடங்கினார்கள். அங்கே அகப்பட்டவை சுமார் 25,000 மரங்கள், 70 சொச்சம் இனங்கள்தான். அது மழை குறைந்த காடு. தீயும் பிடிக்கும், யானையும் முறிக்கும். எந்த மரம் தீயில் பிழைக்கிறது, எதை யானை விரும்பிச் சாய்க்கிறது என்று அங்கே வருடாவருடம் பார்க்கிறார்கள்.

"இத்தனை எண்ணி என்ன லாபம்?" என்பீர்கள். நம் நாட்டில் ஒரு பெரிய திட்டமே இப்படி எண்ணிப் பார்த்துத்தான் மாறியது. மெராந்தி வகை மரங்கள் மாமரம்போல் வருடாவருடம் காய்ப்பதில்லை. சில வருடங்கள் சும்மா இருந்துவிட்டு, திடீரென்று ஒரு வருடம் காடு முழுவதும் பூத்துக் காய்த்துக் கொட்டும். 1948 முதல் இருந்த பழைய முறையில், பெரிய மரங்களை ஒரே தடவையில் வெட்டிவிட்டு, கீழே உள்ள கன்றுகள் வளர 70 வருடம் விட்டுவிடுவார்கள். சமவெளிக் காட்டுக்கு அது சரிப்பட்டது. அந்தச் சமவெளிதான் ரப்பரும் செம்பனையுமாகப் போய்விட்டதே! மலைச்சரிவுக்கு வந்து பார்த்தால் கன்றுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றன. ஆகவே 1978இல் முறையை மாற்றினார்கள். வெட்டுவதற்கு முன் எண்ண வேண்டும். மெராந்தி வகையில் 50 சென்டிமீட்டருக்குக் குறைந்த மரத்தைத் தொடக்கூடாது. அடுத்த தலைமுறைக்கு ஹெக்டருக்கு இத்தனை மரம் நிற்க வேண்டும் என்பதெல்லாம் விதியானது. விதி எழுதியதைப் போல எல்லா இடத்திலும் நடந்ததா என்று கேட்டால், ரிங்லெட் ஏரியைப் பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. அதே நெகிரி செம்பிலானில் பெரெம்பூன் காட்டில், மூன்று சிறு ஓடைகளை எடுத்துக்கொண்டு 1979 முதல் நீரை அளந்தார்கள். பிறகு ஒன்றைத் தொடவில்லை. ஒன்றில் வழக்கம்போல் வெட்டி நூற்றுக்கு 40 பங்கு மரத்தை எடுத்தார்கள். மூன்றாவதில் மேற்பார்வையோடு 33 பங்கு வெட்டினார்கள்; ஓடையின் இரு கரையிலும் 20 மீட்டர் மரத்தைத் தொடாமல் விட்டு, பாதைகளையும் யோசித்துப் போட்டார்கள். என்ன நடந்தது? மரம் வெட்டியதும் ஓடையில் நீர் குறையவில்லை, கூடியது! வழக்கம்போல் வெட்டிய இடத்தில் 70 விழுக்காடு, கவனமாக வெட்டிய இடத்தில் 37 விழுக்காடு. மரமும் நம்மைப்போல் தண்ணீர் குடிக்கிறது அல்லவா? குடிக்கிற வாய் குறைந்தால் ஓடுகிற நீர் கூடும். "மரத்தை வெட்டினால் ஆறு வற்றும்" என்று நாமெல்லாம் மேடையில் பேசுகிறோம். அளந்தவர்கள் வேறு சொல்கிறார்கள். ஆனால் ஓடை கலங்கியது. அந்த மண்ணில் பெரும்பங்கு வந்தது லாரியும் டிராக்டரும் போன பாதைகளிலிருந்து. கரையில் விட்ட அந்த 20 மீட்டர் மரம் அதைப் பெரிதும் தடுத்தது.

கெட்டுப்போன நிலம் திரும்புமா என்று கேட்கும் வாசகர்களுக்குக் கெப்போங்கைக் காட்டுவேன். 1920களில் பாக்ஸ்வொர்த்தி என்ற அதிகாரி வன ஆராய்ச்சிக்கென்று தேர்ந்தெடுத்த இடம் பழைய ஈயக் குட்டைகளும் காய்கறிக் கொல்லைகளுமாகக் கிடந்த பொட்டல். அங்கே ஒவ்வொன்றாக மரம் நட்டு வளர்த்தார்கள். இன்று அங்கே போனால் அது நட்ட காடு என்று யாரும் சொன்னால்தான் தெரியும். மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் அந்தக் காட்டை 2025ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றுக்கொண்டது. ஏறக்குறைய நூறு வருட வேலை.

இப்போதெல்லாம் வன இலாகா துணைக்கோள் படத்தை வைத்தும் புதிதாக வெட்டிய இடங்களைக் கண்டுபிடிக்கிறது. ஆனாலும் மேகம் மூடிய மலையில் அந்தக் கண்ணுக்குத் தெரியாததை, பெரட்டுக்குப் போகிற வழியில் நீங்கள் பார்த்துவிடுவீர்கள். நேற்றுவரை தெளிந்திருந்த ஓடை மழையில்லாமல் கலங்கினால், மேலே யாரோ மண்ணைத் திறந்துவிட்டார்கள் என்று பொருள். மேட்டில் புது வெடிப்பு, மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்வது, லயத்துச் சுவரில் புதுக்கீறல் இவற்றைப் பார்த்தாலும் சும்மா இருந்துவிடாதீர்கள். நாளையும் இடத்தையும் ஒரு நோட்டில் குறித்து, ஆபீசிலோ மாவட்ட அலுவலகத்திலோ சொல்லுங்கள். குறித்து வைத்ததை யாரும் எளிதில் தட்டிவிட முடியாது. உங்கள் கொல்லைக்கும் ஓடைக்கும் நடுவே இருக்கும் மூங்கிலையும் புதரையும் சுத்தம் செய்கிறேன் என்று வெட்டிவிட வேண்டாம். ஆற்றோரம் குடியிருக்கும் தாய்மார்கள், அணையின் சங்கு ஊதினால் எந்த மேட்டுக்குப் போவது என்று இப்போதே பிள்ளைகளுக்குச் சொல்லி, பகலில் ஒரு தடவை நடத்தியும் காட்டிவிடுங்கள். இருட்டில் வழி தேடுவது கடினம்.