ஹைட்ரேஞ்சியாவும் அடுக்களை உரமும்

உதகைக்குச் சென்று திரும்புவோர் சிலர் ஹைட்ரேஞ்சியாத் தொட்டியொன்றை மடியில் ஏந்தி மலையிறங்குவதைக் காண்கிறோம். பந்துபோல் திரண்ட நீலப் பூங்கொத்து யாரைத்தான் கவராது! சமவெளிக்கு வந்த சில திங்களில் இலை வெளுக்கிறது. மறுமுறை பூத்தால் நீலம் போய் இளஞ்சிவப்பு வருகிறது. உடனே, ‘சத்துப் போதவில்லை’ என்று முடிவுகட்டி, முட்டை ஓடு, சாம்பல், தேயிலைச் சக்கை, வாழைப்பழத் தோல் என அடுக்களையில் மிஞ்சியவற்றை எல்லாம் அதன் காலடியில் கொட்டுகிறோம். வீட்டில் செய்த உரம் தீங்கு செய்யாது என்னும் நம்பிக்கை நம்மிடையே வேரூன்றிவிட்டது. அதனை நாம் ஏற்பதற்கில்லை.

ஜப்பானைத் தாயகமாகக் கொண்ட இச்செடி அமிலத் தன்மையுள்ள மண்ணில் செழிப்பது. அத்தகைய மண்ணில் அலுமினியம் கரைந்து வேர்வழி ஏறும், பூ நீலமாகும். மண் காரமானால் அலுமினியம் கட்டுண்டு கிடக்கும், பூ சிவக்கும். (வெள்ளைப்பூ வகைகள் இவ்வாறு நிறம் மாறுவதில்லை.) இரும்புச் சத்தும் கட்டுண்டு போவதால் நரம்புகள் மட்டும் பசுமையாய் நிற்க, இளந்தளிர் மஞ்சளிக்கிறது. நீலகிரி மண் அமிலத் தன்மையுடையது. சமவெளியில் பல ஊர்க் கிணற்று நீரோ உப்பும் சுண்ணாம்பும் மிகுந்தது. நாள்தோறும் நீருடன் சுண்ணாம்பையும் வார்த்துவிட்டு, அதன்மேல் முட்டை ஓட்டையும் சாம்பலையும் இடுவது எத்தகைய அறியாமை! முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டே. அதுவாவது மெல்லக் கரையும். சாம்பலின் காரம் விரைந்து மண்ணில் இறங்கிவிடும்.

தேயிலைச் சக்கையைப் பற்றியும் ஒரு சொல். பாலும் சர்க்கரையும் ஊறிய சக்கை எறும்புக்கும் பூஞ்சணத்திற்குமே விருந்து. கடலைப் புண்ணாக்குக் கரைசல் நல்லதே. மிகுந்தால் தழைச்சத்து ஓங்கி இலை மட்டும் அடர்ந்து நிற்கும். எலும்புத்தூளின் மணிச்சத்து அலுமினியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பொருளை வீணாக்கலாகாது என்று வீட்டு மூத்தோர் கற்பித்தது செம்மையானதே. ஆயினும் வீணாக்காமை வேறு, ஊட்டுதல் வேறு. நம்மிடம் மிஞ்சியது எது என்பதன்று, செடி வேண்டுவது எது என்பதே வினா. கழுவிய சக்கையையும் பழத்தோலையும் காய்ந்த இலைகளோடு சேர்த்துப் பானையில் மட்கவிட்டு, மண்மணம் வந்தபின் கைப்பிடியளவு இடுக. மழைநீரைச் சேர்த்து வைத்து வார்ப்பது எந்த உரத்தினும் மேலானது என்பது நம் துணிபு. கிரேக்க மொழியில் இச்செடியின் பெயருக்கு நீர்க்கலம் என்பது பொருள். விதைக்கூட்டின் வடிவு கண்டு இட்ட பெயரே எனினும், இது குடிக்கும் நீரின் அளவுக்கும் பொருந்தத்தான் செய்கிறது! காலை இளவெயிலும் பிற்பகல் நிழலும் இல்லாத முற்றத்தில் எவ்வுரம் இட்டும் பயனில்லை.

நீலமே வேண்டும் என்போர் படிகாரத்தைச் சிறிதளவு நீரில் கரைத்து எப்போதேனும் ஊற்றலாம். மிகுந்தால் வேர் கருகும். இளஞ்சிவப்பில் என்ன குறை கண்டார்களோ, நாம் அறியோம்.