அந்த வீட்டில் குழந்தை இல்லையா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. காப்பிக்கு டிகாக்ஷன் இறங்கிக் கொண்டிருந்தது. டெலிபோன் மணி அடித்தது. அமெரிக்காவிலிருந்து என் அக்காள் பெண்! அங்கே கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறாள். வழக்கமாக, "சித்தி, ரசத்துக்குப் பருப்புத் தண்ணியை எப்போ விடறது?" என்பது போன்ற ராஜாங்க விஷயங்களுக்குத்தான் கூப்பிடுவாள். அன்று குரலே சரியாக இல்லை.

"சித்தி, எனக்கு ஒரு தலைப்பு வேணும். அவசரம்!"

"எதற்குத் தலைப்பு? புடவைக்கா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. விஷயம் இதுதான்: அங்கே பொறியியல் படிக்கட்டும், வேறு எது படிக்கட்டும், முதல் வருஷத்தில் பெரும்பாலோர் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதும் வகுப்பு ஒன்றுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். ஆசிரியர் ஒரு கதையையோ நாடகத்தையோ படிக்கச் சொல்வார். படித்ததிலிருந்து மாணவியே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, நூல்நிலையத்தைத் துழாவி, எட்டுப் பக்கத்தில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டும். ‘இன்னதைப் பற்றி எழுது’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதுதான் பரீட்சையே!

நம் பெண்ணோ, கேள்வி கேட்கிறவர் வேறு, பதில் எழுதுகிறவர் வேறு என்று பன்னிரண்டு வருஷம் பழகியவள். முதலில், ‘அமெரிக்காவில் பெண்கள் உரிமை’ என்று எழுதிக் கொண்டு போனாளாம். "இது எட்டுப் பக்கம் அல்ல, எட்டு அலமாரி" என்று ஆசிரியை திருப்பிக் கொடுத்து விட்டார். அடுத்தபடியாக, ‘நாடகாசிரியையின் வாழ்க்கை வரலாறு’ என்றாள். "அது ஏற்கெனவே கலைக்களஞ்சியத்தில் இருக்கிறதே! நீ எதற்கு?" என்று கேட்டாராம். மூன்றாவதாக, அறைத் தோழி சொன்னாள் என்று கம்ப்யூட்டரைக் கேட்டிருக்கிறாள். அது ஒரு நிமிஷத்தில் பத்துத் தலைப்புகளைக் கொடுத்து விட்டது.

"பின்னே என்ன? ஒன்றை எடுத்துக் கொள்வதுதானே?"

"பத்தும் நன்னாத்தான் இருக்கு, சித்தி. ஆனா ஒண்ணைப் பத்திக்கூடத் தெரிஞ்சுக்கணும்னு எனக்குத் தோணலை." சற்று நிறுத்தி விட்டுச் சொன்னாள்: "எனக்குன்னு சொந்தமா ஒரு யோசனையே வராதோன்னு பயமா இருக்கு."

நேயர்களே, அந்த வார்த்தை என்னைச் சுருக்கென்று தைத்தது. தலைப்பு இல்லாததல்ல அவள் கவலை. தன் தலைக்குள் ஒன்றுமே இல்லையோ என்ற கவலை அது! பதினெட்டு வயசில், வீட்டை விட்டு எட்டாயிரம் மைலுக்கு அப்பால், நடு ராத்திரியில் வருகிற கவலை.

"சரி, என்ன படிக்கச் சொன்னார்கள்? கதையைச் சொல்லு" என்றேன். என் அக்காளும் அன்று என் வீட்டில்தான் இருந்தாள். கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்து கொண்டே அவளும் கேட்டாள்.

* * *

நாடகத்தின் பெயர் ‘டிரைஃபிள்ஸ்’. அற்ப விஷயங்கள் என்று அர்த்தம். எழுதியவர் சூசன் கிளாஸ்பெல் என்ற அம்மாள். 1916-ம் வருஷம், மாஸாசூஸெட்ஸ் மாகாணத்தில் பிராவின்ஸ்டவுன் என்ற கடற்கரை ஊரில், படகுத் துறையிலிருந்த ஒரு சின்னக் கொட்டகையில் முதன் முதலாக நடிக்கப்பட்டது. ஒரே அங்கம். ஒரே இடம். அந்த இடம் ஒரு சமையலறை.

பண்ணை வீட்டுக்காரர் ரைட் என்பவர் படுக்கையிலேயே கழுத்தில் கயிறு இறுக்கிக் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். மனைவி மின்னியைச் சிறையில் வைத்திருக்கிறார்கள். சர்க்கார் வக்கீலும் ஷெரீப்பும் தடயம் தேடி வீட்டுக்கு வருகிறார்கள். ஷெரீப்பின் மனைவி மிஸஸ் பீட்டர்ஸும், பக்கத்துப் பண்ணைக்காரரின் மனைவி மிஸஸ் ஹேலும் கூட வருகிறார்கள். எதற்கு? சிறையில் இருப்பவளுக்கு வேண்டிய துணிமணி எடுத்துக் கொண்டு போக.

ஆண் பிள்ளைகள் மாடியிலும் கொட்டகையிலும் கொலைக்குக் காரணம் தேடுகிறார்கள். சமையலறையை ஒரு நோட்டம் விட்டு, இங்கே பாத்திரம் பண்டத்தைத் தவிர ஒன்றுமில்லை என்று சிரித்து விட்டுப் போகிறார்கள். பெண்கள் இருவரும் அங்கேயே நிற்கிறார்கள். அவர்கள் கண்ணில் என்னென்ன படுகிறது, தெரியுமா? மேஜையில் பாதி துடைத்திருக்கிறது, பாதி துடைக்கவில்லை. ரொட்டி டப்பிக்குள் போகாமல் வெளியே கிடக்கிறது. ஒட்டுத் துணிப் போர்வை ஒன்று பாதியில் நிற்கிறது. அதில் தையல் சீராக வந்து கொண்டிருந்து, ஓரிடத்தில் திடீரென்று கோணல் மாணலாக ஓடுகிறது. தைத்தவளின் மனசு எங்கேயோ போயிருக்கிறது! வேலையைப் பாதியில் விட்டு எழுந்து போகிறவளுக்கு என்னவோ நேர்ந்திருக்கிறது என்பதை, நித்தம் அடுப்படியில் நிற்கிறவளுக்கு யாராவது சொல்லித் தர வேண்டுமா?

அப்புறம் ஒரு காலிக் கூண்டு. அதன் கதவு பிய்ந்திருக்கிறது. கடைசியில், தையல் பெட்டிக்குள் ஓர் அழகான சின்னப் பெட்டி. அதற்குள் பட்டுத் துணியில் சுற்றிய பாட்டுக் குருவி, கழுத்து முறிக்கப்பட்டு. கல்யாணத்துக்கு முன் மாதா கோவிலில் பாடிக் கொண்டிருந்த மின்னிக்கு, அந்த ஓசையில்லாத வீட்டில் இருந்த ஒரே துணை அந்தக் குருவிதான். அதையும் புருஷன் நெரித்து விட்டான் என்று இருவருக்கும் புரிகிறது. வக்கீல் ஊரெல்லாம் தேடும் காரணம் அவர்கள் கையில் இருக்கிறது. மிஸஸ் ஹேல் அந்தப் பெட்டியைத் தன் கோட்டுப் பைக்குள் ஒளித்துக் கொள்கிறாள். அவ்வளவுதான் நாடகம். மின்னி கடைசி வரையில் மேடைக்கு வருவதே இல்லை.

சொல்லி முடித்ததும் இரண்டு பக்கமும் நிசப்தம். கீரைத் தண்டைக் கையில் வைத்தபடியே அக்காள் கேட்டாள்:

"ஏண்டி, அந்த வீட்டிலே குழந்தை குட்டி ஒண்ணும் இல்லையா?"

"இல்லேம்மா. அவாளுக்குக் குழந்தை கிடையாது" என்றாள் பெண். பிறகு, "இரு, இரு... அம்மா! நிஜத்திலே அவளுக்கு ஒன்பது குழந்தைகள்!" என்று கத்தினாள்.

* * *

அந்தக் கதையையும் சொல்லி விடுகிறேன். சூசன் கிளாஸ்பெல் நாடகம் எழுதுவதற்கு முன் என்னைப் போல் ஒரு பத்திரிகை நிருபர். அயோவா மாகாணத்தில் 1876-ல் பிறந்தவர். பட்டம் பெற்றவுடன் டிமாயின் நகரத் தினசரி ஒன்றில் சேர்ந்தார். 1900-ம் வருஷம் டிசம்பரில், இண்டியனோலா என்ற ஊருக்கு அருகே, ஜான் ஹாஸாக் என்ற விவசாயி இரவில் படுக்கையிலேயே கோடாலியால் வெட்டிக் கொல்லப்பட்டார். பக்கத்தில் படுத்திருந்த மனைவி மார்கரெட், ‘ஏதோ சத்தம் கேட்டு விழித்தேன், வேறொன்றும் தெரியாது’ என்றாள். அவள் ஒன்பது பிள்ளைகளை வளர்த்தவள். அன்றிரவு அவர்களில் சிலர் அதே வீட்டில் தூங்கிக் கொண்டிருந்தார்கள். 1901-ல் ஆயுள் தண்டனை விதித்தார்கள். 1902-ல் மாகாண உச்ச நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. 1903-ல் மறு விசாரணை. ஜூரிகள் ஒருமனப்படவில்லை. அவள் வீடு திரும்பினாள்.

அந்த வழக்கைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பியவர் இளம் நிருபர் கிளாஸ்பெல்தான். சிறைக்குப் போன அந்தப் பெண்ணின் சமையலறைக்குள் நுழைந்ததைத் தம்மால் மறக்கவே முடியவில்லை என்று பிற்காலத்தில் வெளியான புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அவருடைய பழைய பத்திரிகைச் செய்திகளைத் தேடி எடுத்து, நாடகத்தோடு ஒப்பிட்டு, லிண்டா பென்-ஸ்வி என்ற ஆராய்ச்சியாளர் 1992-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆகவே நம் பெண்ணுக்கு ஆதாரத்துக்குப் பஞ்சமில்லை.

இப்போது பாருங்கள்! நிஜத்தில் ஒன்பது குழந்தைகள். நாடகத்தில் ஒன்றுகூட இல்லை. ஏன்? அக்காள் கேட்ட கேள்வி, ‘அமெரிக்காவில் பெண்கள் உரிமை’யைப் போல் எட்டு அலமாரி அல்ல. கலைக்களஞ்சியத்தைத் திறந்தால் பதில் கிடைத்து விடுகிற கேள்வியும் அல்ல. புத்தகத்தைக் கையில் வைத்துக் கொண்டு, யோசித்து யோசித்துத்தான் பதில் காண வேண்டும். ஆராய்ச்சிக்கு உகந்த கேள்வி என்பதற்கு இதைவிட என்ன லட்சணம் வேண்டும்?

பெண் அன்றிரவே மறுபடியும் நாடகத்தைப் படித்தாள். இந்த முறை ஒரே ஒரு விஷயத்தைத் தேடிக் கொண்டு படித்தாள். முன்பு கண்ணில் படாததெல்லாம் பட்டது. குழந்தை இல்லாத வீடு எவ்வளவு ஓசையற்றுப் போகும் என்று மிஸஸ் ஹேல் ஓரிடத்தில் பேசுகிறாள். மிஸஸ் பீட்டர்ஸ் யார்? ஷெரீப்பின் மனைவி. சட்டத்தின் பக்கம் நிற்க வேண்டியவள். அவள் டக்கோடாவில் குடியேறியிருந்த நாளில், இரண்டு வயசு முதல் குழந்தையைப் பறி கொடுத்தவள். வீட்டின் நிசப்தம் இன்னதென்று அவளுக்குத் தெரியும். அந்த நினைவு வந்த பிறகுதான் அவள் மனசு மின்னியின் பக்கம் சாய்கிறது. ஆகையால், குழந்தைகளைக் கதையிலிருந்து எடுத்ததனால்தான் இரண்டு பெண்களும் ஒன்று சேர்கிறார்கள் என்பது நம் பெண்ணின் கட்சி.

ஆசிரியை சந்தோஷப்பட்டார். ஆனால் உடனே ஒரு முட்டுக்கட்டையும் போட்டார். "சின்னக் கொட்டகை, சின்ன நாடகக் குழு. ஒன்பது குழந்தைகளை மேடையில் எப்படி ஏற்றுவது? அதனால் விட்டிருக்கலாம் அல்லவா?"

இங்கேதான் பெண் ஜெயித்தாள் என்பேன். மறுவருஷம், 1917-ல், கிளாஸ்பெல் அதே நாடகத்தைச் சிறுகதையாக எழுதினார். கதையில் மேடை ஏது? தொண்ணூறு குழந்தைகளைக்கூட உலாவ விடலாம். அங்கேயும் மின்னிக்குக் குழந்தை இல்லை! இந்த ஆட்சேபணைக்கு ஒரு பதில் ஆயிற்று. ‘கதை நாடகத்தை அப்படியே பின்பற்றியதுதானே’ என்று ஒருவர் திருப்பிக் கேட்கலாம். கேட்கட்டும். மறுத்துச் சொல்ல இடம் இருக்கிற கட்சிதான் ஆராய்ச்சிக் கட்டுரைக்கு லாயக்கு. எல்லாரும் தலையாட்டுகிற விஷயத்தை எழுத எட்டுப் பக்கம் எதற்கு?

* * *

உங்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ இப்படித் தலைப்புக்குத் தவித்துக் கொண்டிருந்தால், நான் கண்டதைச் சொல்கிறேன். முதலில் படித்ததைச் சமையலறையில் நிற்கும் யாருக்காவது கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். கேட்கிறவர் எங்கே குறுக்கிடுகிறார் என்று கவனிக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில்தான் கேள்வி இருக்கிறது. பிறகு அந்தக் கேள்வியை மட்டும் வைத்துக் கொண்டு புத்தகத்தை மறுபடி படிக்க வேண்டும். ஆதாரம் அகப்படுமா என்று நூல்நிலையத்தில் பார்க்க வேண்டும். தன் பதிலை ஒரே வாக்கியத்தில் எழுதி, ‘இல்லை’ என்று சொல்ல யாருக்காவது இடம் உண்டா என்று பார்க்க வேண்டும். இடம் இருந்தால் பேனாவை எடுக்கலாம்.

ஒரே நாடகத்தில் எத்தனை கேள்விகள்! கோடாலி ஏன் கயிறாயிற்று? கோடாலி முழுதும் மறையவில்லை என்பதுதான் வேடிக்கை. மிஸஸ் பீட்டர்ஸ் சிறுமியாக இருந்தபோது ஒரு பையன் அவளுடைய பூனைக்குட்டியைக் கைக்கோடாலியால் வெட்டியதாக ஒரு நினைவு வருகிறது. சட்டம் படிக்கப் போகிற பிள்ளையென்றால் வேறு கேள்வி கேட்கலாம். சிறுகதையின் பெயரே ‘அவளுக்குச் சமமானவர்கள் அடங்கிய ஜூரி’ என்று பொருள்படும். மார்கரெட்டுக்குத் தீர்ப்புச் சொன்ன ஜூரிகள் அத்தனை பேரும் ஆண்கள். அமெரிக்கா முழுவதும் பெண்களுக்கு வோட்டுரிமை தந்த அரசியல் சட்டத் திருத்தம் 1920-ல்தான் வந்தது. அதற்கு முன் அயோவாவில் பெண்கள் ஜூரியாக உட்கார முடியாது. அந்தக் காலத்தில் ‘சமமானவர்கள்’ என்றால் யார்? இதுவும் எட்டுப் பக்கம் தாங்கும்.

* * *

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் டெலிபோன். கட்டுரை முடிந்து விட்டது. ஆனால் ஒரு சந்தேகம்.

"சித்தி, கேள்வி அம்மாவோடது. நான் கண்டுபிடிச்ச மாதிரி எழுதிண்டா தப்பில்லையா?"

பத்துத் தலைப்பைச் சும்மா கொடுத்த கம்ப்யூட்டரிடமிருந்து ஒன்றும் எடுத்துக் கொள்ளாத பெண், அம்மாவிடமிருந்து எடுத்துக் கொண்டதற்குக் கணக்குச் சொல்ல விரும்புகிறாள்! ஆசிரியையையே கேட்கச் சொன்னேன். முதல் பக்கத்தின் அடியில் ஒரு வரி நன்றி எழுதினால் போதும் என்று அவர் சொல்லி விட்டார். ‘இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் என் தாயார்’ என்று எழுதியிருக்கிறாள்.

அக்காளிடம் சொன்னேன். அவள் பள்ளிப் படிப்போடு நின்றவள். "அசடு! கீரை ஆயும்போது ஏதோ கேட்டேன். அதுக்குப் போய் என்னை எழுதுவாளோ?" என்றாள். சொல்லி விட்டு உள்ளே போனவள், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து கேட்டாள்:

"அதை இங்கிலீஷிலே எப்படி எழுதியிருக்கா? இன்னொரு தரம் படி, கேட்போம்."