இவ்வாரத் தேதி: அக்டோபர் 4

திருப்பூர் வீதிகளில் விளையாடும் பிள்ளைகளை நிறுத்தி, குமரன் தினம் எது என்று நாம் கேட்டால், ஜனவரி 11 என்று தயக்கமின்றி விடை வரும். அவர் பிறந்த தேதியைக் கேட்டாலோ பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். கொடியை நினைவில் வைத்துக்கொண்டு, அதைப் பற்றியிருந்த மனிதரைப் பாதி மறந்துவிட்டோமோ என்று நாம் ஐயுறுகிறோம்.

சென்னிமலையில் நெசவாளர் குடும்பமொன்றில், 1904-ம் வருஷம் அக்டோபர் 4-ந் தேதி, குமாரசாமி என்ற பெயருடன் அவர் பிறந்தார். பின்னர்த் திருப்பூருக்கு வந்து பஞ்சு அரைவை ஆலையில் வேலை பார்த்தார்.

குமரன் பிறந்த அதே தினத்தில், வத்தலக்குண்டைச் சேர்ந்த ஒரு வாலிபருக்குச் சரியாக இருபது வயது நிறைந்தது. அவரே சுப்பிரமணிய சிவா. உலகத்தார் தொகுக்கும் தினக்குறிப்புகளில் இத்தேதிக்கு முதலிடம் பெறுவது, 1957-ல் ருஷ்யா வானில் ஏவிய 83.6 கிலோ எடையுள்ள ஸ்புட்னிக்தான். பெறட்டும், நமக்கு வேண்டியது பஞ்சும் நூலும் சம்பந்தப்பட்ட கதை.

1908 பிப்ரவரியில் தூத்துக்குடிக் கோரல் நூலாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, வ. உ. சிதம்பரம் பிள்ளையுடன் முன்னின்றவர் சிவா. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை ஓய்வும் கிடைத்தது. (ஞாயிறன்று பனியன் கம்பெனிக்குப் போகாமல் வீட்டிலிருந்து இதைப் படிக்கும் நேயர்கள் கவனிக்க!) அடுத்த சில தினங்களில் இருவரும் சிறைப்பட்டனர். 1912-ல் சிவா வெளியே வந்தபோது தொழுநோயும் உடன் வந்தது. அந்நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக்கூடாதென்று சர்க்கார் தடுத்தது. அவரோ நடந்தே ஊர் ஊராகச் சென்று பிரசங்கம் செய்தார்!

பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்கு ஓர் ஆலயம் எழுப்ப வேண்டுமென்பது அவருடைய ஆசை. 1923-ல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ். 1925 ஜூன் மாதம் தாஸ் காலமானார். ஜூலை 23-ந் தேதி, ஆலயத்தைக் காணாமலே சிவாவும் மறைந்தார்.

திருப்பூரில் குமரன் அமைத்த சங்கத்தின் பெயரோ தேசபந்து வாலிபர் சங்கம்! சிவாவின் ஆலயத்துக்குக் கல் நாட்டியவரின் பட்டம், குமரனின் சங்கத்துக்குப் பெயராக வந்து சேர்ந்தது.

1932 ஜனவரி 4-ந் தேதி காந்தியடிகள் கைதானார். 10-ந் தேதி திருப்பூரில் தடையை மீறித் தொண்டர்கள் ஊர்வலம் புறப்பட்டார்கள். போலீஸார் தடியால் தாக்கினர். மண்டை உடைந்து விழுந்த குமரனின் கை கொடியை விடவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 27.